அயோத்திதாச பண்டிதரும் அமெரிக்கக் கறுப்பின முன்னோரும்

(தேவர்சோலையில் நடந்த நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



அமெரிக்க நாட்டில் கறுப்பின மக்கள் உரிமை பெற்ற வரலாற்றைக் கூறவேண்டுமென்று நம் சங்கத்து இளைஞர் சிலர் எம்மைக் கேட்டுக்கொண்டனர். மார்ட்டின் லூதர் கிங் என்னும் பெயரையும் மால்கம் எக்ஸ் என்னும் பெயரையும் கேளாதார் இக்கூட்டத்தில் இரார். அவ்விருவர்க்கும் முன் ஏறக்குறைய நூறாண்டுக் காலம் கரம்பை உழுது வைத்தவர் சிலர் உண்டு. அவர்களை அறிந்தார் சிலரே. அவர்களைப் பற்றியே பேச விழைந்து நூல்களைப் புரட்டியபோது, அதே காலத்தில், அதே வேலையை, நம் நீலகிரி மலையிலிருந்தே தொடங்கிய ஒருவர் எம் நினைவில் வந்து நின்றார். கூடலூர் கடந்து மேலே ஏறினால் வரும் உதகமண்டலத்தில் தம் இளமையைக் கழித்த க. அயோத்திதாச பண்டிதரே அவர். ஆகலின் கடல் கடந்த கதையைச் சுருக்கியும், மலைமேல் நடந்த கதையை விரித்தும் சொல்லுவோம்.

அமெரிக்காவில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்த ஆண்டு 1865. அதற்கு முன்னரே அடிமையல்லாத கறுப்பர் சிலர் அந்நாட்டில் வாழ்ந்தனர். அவருள் ஒருவர் மார்ட்டின் டிலேனி, 1812இல் பிறந்தவர். பிரெடரிக் டக்ளஸ் என்னும் பெரியாருடன் சேர்ந்து 1847 முதல் ‘நார்த் ஸ்டார்’ என்னும் பத்திரிகையை நடத்தினார். மருத்துவம் பயில விரும்பி 1850இல் ஹார்வர்டு கல்லூரியில் சேர்ந்தார். உடன் பயின்ற வெள்ளை மாணாக்கர் கூச்சலிட்டனர். கல்லூரியார் அவரை வெளியேற்றினர். பிறகுதான் அவர் சிந்தை திரும்பியது. நீதி கேட்டுப் பிறர் வாயிலில் எத்தனை நாள் நிற்பது? நாமே ஒரு தேசத்தார். மற்றொரு தேசத்துக்குள் அகப்பட்ட தேசத்தார். நமக்கென்று ஒரு வரலாறு உண்டு, ஒரு தாய்நாடு உண்டு என்று 1852இல் நூல் எழுதினார். டக்ளஸோ, இந்நாடே நம் நாடு, இதனுள் நின்றே சமவுரிமை பெறுவோம் என்றார். நண்பர் இருவர், நோக்கம் ஒன்று, வழி வேறு. இதனை நினைவில் வைத்துக்கொள்க, பின்னர் வேண்டியிருக்கும்.

டிலேனிக்குப் பின் எட்வர்டு பிளைடன் என்பார், கல்வி தேடி அமெரிக்கா சென்று நிறத்தால் மறுக்கப்பெற்று, ஆப்பிரிக்காவில் லைபீரியாவுக்குக் குடிபெயர்ந்து, ஆப்பிரிக்க மக்களின் பழம்பெருமையை நூல்களாக எழுதினார். ஜமைக்காத் தீவினரான மார்க்கஸ் கார்வி 1914இல் தம் சங்கத்தை நிறுவி, 1918 முதல் ‘நீக்ரோ வோர்ல்டு’ என்னும் பத்திரிகையை நியூயார்க்கிலிருந்து நடத்தினார். கப்பல் கம்பெனி ஒன்றும் தொடங்கினார். அது கடனில் மூழ்கியது. அஞ்சல் வழி மோசடி என்ற வழக்கில் 1925இல் சிறை புகுந்தார். 1927இல் நாடு கடத்தப்பெற்றார். 1940இல் லண்டனில் இறந்தார். தோற்றவர் என்றே அப்போது எழுதினர். மால்கம் எக்ஸின் தாய் தந்தையர் இருவரும் கார்வியின் சங்கத்தைச் சேர்ந்தவர்கள் என்பதைப் பலர் அறியார். கார்வியின் தனிவழியை ஏற்காத மார்ட்டின் லூதர் கிங்கும் 1965இல் ஜமைக்கா சென்று அவர் நினைவிடத்தில் மலர்வளையம் வைத்தார். கறுப்பின மக்கள் பெருந்திரளுக்குத் தாமும் மதிப்புடையார் என்னும் உணர்ச்சியை முதலில் ஊட்டியவர் கார்வியே என்று ஆங்குக் கூறினார். வழியை ஏற்காதவரும் கடனை ஒப்புக்கொண்டார்.

கடல் கடந்த கதை இத்துடன் நிற்க. நம் மலைக்கு வருவோம்.

பண்டிதர் 1845ஆம் ஆண்டு பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் காத்தவராயன். பாட்டனார் கந்தப்பன், ஆரிங்டன் என்னும் ஆங்கிலத் துரையிடம் பட்லராக இருந்தவர். அவர் தம் வீட்டிலிருந்த திருக்குறள் முதலிய ஏட்டுச்சுவடிகளைத் துரை வாயிலாக எல்லிஸ் துரைக்கு அளித்தார் எனப் பண்டிதரே எழுதியுள்ளார். நம்மவர் வீட்டில் ஏது ஏடு என்று வினவுவார் இன்றும் உளர். அவர்களுக்கு இஃது ஒன்றே விடை. காத்தவராயனுக்குத் தமிழும் சித்தமருத்துவமும் கற்பித்த ஆசான் அயோத்திதாசக் கவிராஜ பண்டிதர் என்பார். மாணாக்கர் தம் பெயரை நீக்கி ஆசான் பெயரையே தமக்குச் சூட்டிக்கொண்டார். எம் போன்ற தமிழாசிரியர்க்கு இச்செய்தி தரும் மகிழ்ச்சி கொஞ்சமன்று. அவர் வாழ்நாள் முழுதும் பெயரைப் பற்றியே போராடினார் என்பதற்கு இது தொடக்கமாகவும் அமைந்தது.

அக்காலத்து நீலகிரி எப்படியிருந்தது என்பதைச் சற்று எண்ணவேண்டும். காப்பித் தோட்டங்களும், கொயினா மரத் தோட்டங்களும், பின்னர்த் தேயிலைத் தோட்டங்களும் எழுந்து, சமவெளியிலிருந்து நம்மவர் கூட்டங் கூட்டமாக மலையேறிய காலம் அது. 1880ஐ ஒட்டி நம் தேவாலா, பந்தலூர்ப் பக்கத்தில் பொன் எடுக்கக் கம்பெனிகள் பல வந்து, பொன் கிட்டாமல் போயின. தோட்டத்து உழைப்பு இனிதாயிருந்தது என்று யாம் சொல்லமாட்டோம். முன்பணம் வாங்கிய கங்காணிக் கடன் தலைமுறைக்கும் தீராதிருந்த கதையை இங்குள்ள மூத்தோர் எம்மினும் நன்கு அறிவர். 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தால் இலங்கைத் தோட்டங்களிலிருந்து வந்து இங்குக் குடியேறிய குடும்பத்தார் இன்னும் நன்கு அறிவர். ஆயினும் ஒன்று: ஊர்க்கோடியில் சேரி, நடுவில் அக்கிரகாரம், குளத்துக்கு ஒரு தடை, தெருவுக்கு ஒரு தடை என்று ஆயிரம் ஆண்டு இறுகிக் கிடந்த அமைப்பு, புதிதாய் எழுந்த உதகை நகரில் அவ்வளவு இறுகவில்லை. துரைமார் கம்பெனிகளில் நம்மவர் கணக்கு எழுதினர். மாதச் சம்பளம் கண்டனர். கூடிப் பேச இடமும் ஓய்வும் சிலர்க்கேனும் கிடைத்தன. பண்டிதர் இருபத்தைந்து வயதில், 1870இல், உதகையில் அத்வைதானந்த சபையை நிறுவ முடிந்ததற்கு இது காரணம் என்பது எம் கருத்து.

சபையின் பெயரைப் பாருங்கள். அத்வைதம் என்றால் இரண்டன்மை. இரண்டன்மை என்று கூறுவோர் மனிதருள் மட்டும் எப்படி இரண்டு காணலாம் என்பது அவ்விளைஞர் எழுப்பிய வினா. அப்போது அவர் இன்னும் சமய மன்றத்தின் வாயிலில் நின்றே கேட்டுக்கொண்டிருந்தார். பின்னர் ஜான் இரத்தினம் என்னும் பாதிரியாருடன் கூடித் ‘திராவிட பாண்டியன்’ என்னும் பத்திரிகை 1885இல் வெளிவரத் துணைநின்றார். திராவிடம் என்னும் சொல்லை அறிஞர் கால்டுவெல் 1856இல் இலக்கண நூலுக்கு எடுத்தார்; அதனை மக்கள் கூட்டத்தின் கொடியாக்கியவர் இவர்கள். நீதிக் கட்சி தோன்றியது 1916இல். திராவிடர் கழகம் பெயர் பெற்றது 1944இல். கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளலாம்.

1891 டிசம்பர் 1ஆம் நாள் உதகையில் திராவிட மகாஜன சபையின் மகாநாடு கூடிற்று. பத்துத் தீர்மானங்கள் நிறைவேறின. இவற்றை நம் பிள்ளைகள் மனப்பாடம் செய்தாலும் தகும். பறையர் என்னும் பெயரை வசையாகக் கூறுவோரைத் தண்டிக்கச் சட்டம் வேண்டும் என்பது ஒன்று. நம் பிள்ளைகளுக்குப் பள்ளிகள், படித்தவர்க்கு உதவிச் சம்பளம், மெட்ரிகுலேஷன் தேறியவர்க்கு சர்க்கார் உத்தியோகம், ஜில்லா போர்டிலும் முனிசிபாலிட்டியிலும் நம்மவரை அங்கத்தினராக நியமித்தல், பொதுக் கிணறு குளங்களில் நீர் எடுத்தல், நீதிமன்றங்களிலும் அலுவலகங்களிலும் தடையின்றி நுழைதல், கிராம முனிசீப்பு வேலை, இப்படி அத்தீர்மானங்கள் செல்கின்றன. ஜெயிலில் இழிதொழிலை நம்மவர்க்கே ஒதுக்கிய விதியை நீக்குக என்றும் ஒன்று உண்டு. சிறைக்குள் சென்றவனுக்கும் மானம் உண்டென்று 1891இலேயே கருதிய உள்ளத்தை என்னென்பது! தீர்மானங்கள் காங்கிரஸ் மகாசபைக்கும் அனுப்பப்பெற்றன. ஒன்றும் நடக்கவில்லை.

மறு ஆண்டு, 1892இல், சென்னை விக்டோரியா மண்டபத்தில் சென்னை மகாஜன சபை கூடியபோது பண்டிதர் நீலகிரியின் பிரதிநிதியாகச் சென்றார். சிவாலயங்களிலும் விஷ்ணு ஆலயங்களிலும் நம்மவரை ஏன் விடலாகாது என்று கேட்டார். உங்களுக்கென்று மதுரைவீரனும் காட்டேரியும் கருப்பண்ணனும் உள்ளனவே, சிவனும் விஷ்ணுவும் உங்களுக்கு எதற்கு என்னும் பொருள்பட விடை வந்தது. அப்படியாயின் உங்கள் தெய்வங்கள் எமக்கு வேண்டா. பிள்ளைகளுக்கு நான்காம் வகுப்பு மட்டும் இலவசக் கல்வியும், வெறுமையாய்க் கிடக்கும் நிலங்களும் கொடுங்கள் என்றார் பண்டிதர். இச்செய்தியைப் பிற்காலத்தில் அவரே தம் பத்திரிகையில் எழுதினார். ஹார்வர்டு வாயிலில் டிலேனிக்கு நேர்ந்தது எதுவோ, அதுவே விக்டோரியா மண்டபத்தில் இவர்க்கு நேர்ந்தது என்று யாம் கருதுகிறோம். இதன் பின் அவர் எவர் வாயிலிலும் நிற்கவில்லை. தமக்கென்று வீடு கட்டப் புகுந்தார்.

அவ்வீடு பௌத்தம். 1898இல் கர்னல் ஆல்காட்டுடன் இலங்கை சென்று சுமங்கல மகாநாயகரிடம் தீக்கை பெற்றார். திரும்பிச் சென்னை இராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினார். கோலார் தங்கவயல், பெங்களூர், இரங்கூன், தென்னாப்பிரிக்காவின் நேட்டால் எனத் தமிழ்த் தொழிலாளர் சென்ற இடமெல்லாம் கிளைகள் தோன்றின. 1907 ஜூன் 19இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ என்னும் வாரப் பத்திரிகையைத் தொடங்கினார். ஓராண்டுக்குப் பின் அது ‘தமிழன்’ ஆயிற்று. 1914 மே மாதம் தாம் மறையும் வரையில் வாரந்தோறும் அதில் எழுதினார். அவர் மறைந்த இரண்டாம் மாதமே கார்வி ஜமைக்காவில் தம் சங்கத்தைத் தொடங்கினார். ஒருவரை ஒருவர் அறியார். ஆனால் ஒருவர் கையிலிருந்த ஏரை மற்றவர் வாங்கிப் பிடித்தது போல் இருக்கிறது.

‘தமிழன்’ இதழில் பண்டிதர் கூறியதன் சாரம் வருமாறு. நாம் ஆதியில் தாழ்ந்தவரல்லேம். இந்நாடு ஐம்புலன்களை வென்ற இந்திரராகிய புத்தரின் பெயரால் இந்திரர் தேசமாயிருந்தது. நாம் அத்தேசத்துப் பூர்வ பௌத்தர். வேடமிட்டு வந்தோரின் பொய்யை நம் முன்னோர் பறைந்தனர், அதாவது எடுத்துரைத்தனர்; அதனால் பகை கொண்டு தாழ்த்தினர். குடிமதிப்புக் கணக்கில் நம்மைப் பிறர் இட்ட பெயரால் எழுதிக்கொள்ள வேண்டா. சாதிபேதமற்ற திராவிடர் என்று எழுதுக.

இங்கே தமிழாசிரியன் என்ற முறையில் ஒன்று கூறுதல் கடமையாகும். பண்டிதர் காட்டும் சொல்லாராய்ச்சி பலவற்றை இன்றைய மொழிநூல் ஏற்பதில்லை. திருக்குறளைத் திரிபிடகத்தோடு பொருத்தித் ‘திரிக்குறள்’ என்றார். தீபாவளியை எள் எண்ணெய் கண்டுபிடித்த நாளின் விழா என்றார். தேர்வில் ஒரு மாணாக்கன் இப்படி எழுதினால் யாம் மதிப்பெண் அளிப்பது அரிது. ஆனால் பண்டிதர் தேர்வு எழுதவில்லை. கோயிலும் புராணமும் கல்வெட்டும் பிறர் கையில் இருந்தபோது, பண்டிகையையும் பழமொழியையும் ஊர்ப் பெயரையும் ஔவையின் வாக்கையும் சாட்சிக்கு அழைத்து வழக்காடினார். சாட்சிகள் சில பொய்த்தாலும் வழக்கு பொய்யாகாது. பிளைடனும் இதே முறையில்தான் ஆப்பிரிக்காவின் பழம்பெருமையைக் கட்டினார் என்பதை ஒப்பு நோக்குக.

டிலேனியும் டக்ளஸும் வழி பிரிந்ததைச் சொன்னோம். நம் மலையிலும் அப்படி இருவர் உண்டு. பண்டிதரின் மைத்துனர் இரட்டைமலை சீனிவாசனார். பண்டிதர் மணந்த தனலட்சுமி அம்மையார் இவர்தம் தமக்கையோ தங்கையோ ஆகிய உடன்பிறப்பு. சீனிவாசனார் நீலகிரியில் துரைமார் கம்பெனியில் கணக்கராயிருந்து, 1890இல் சென்னை சென்றார். 1893இல் ஒரு பத்திரிகை தொடங்கினார். அதன் பெயர் ‘பறையன்’. மைத்துனர் எந்தப் பெயரைச் சட்டத்தால் விலக்கவேண்டும் என்று தீர்மானம் நிறைவேற்றினாரோ, அதே பெயரை இவர் தலைப்பில் பெரிய எழுத்தில் அச்சிட்டார்! நான் இன்னான் என்று தலைநிமிர்ந்து சொல்லாதவனுக்கு உரிமை வாராது என்பது இவர் கொள்கை. பௌத்தத்துக்கு இவர் செல்லவில்லை. ஏழாண்டு பத்திரிகை நடத்தி, பின் தென்னாப்பிரிக்கா சென்று நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராயிருந்து, 1921இல் திரும்பினார். சட்டசபையில் அமர்ந்து, பொதுச் சாலை, கிணறு, அலுவலகம் ஆகியவற்றை எல்லார்க்கும் திறந்துவிடும் தீர்மானத்தை 1924இல் கொணர்ந்தார். 1891ஆம் ஆண்டு உதகைத் தீர்மானம், முப்பத்து மூன்றாண்டுக்குப் பின் மைத்துனர் வாயால் சட்டசபை ஏறிற்று. 1930இல் லண்டன் வட்டமேசை மகாநாட்டில் டாக்டர் அம்பேத்கருடன் அமர்ந்தவரும் இவரே.

எது சரியான வழி என்று இளைஞர் கேட்கின்றனர். இருவரும் ஒரே வீட்டில் சம்பந்தம் செய்து, ஒரே மலையில் வாழ்ந்து, உடன்படாமலே வாழ்நாளைக் கழித்தனர். பின் வந்தோர் இருவரிடத்தும் எடுத்துக்கொண்டனர். எம்மைப் போல் பள்ளி ஆசிரியராயிருந்த எம். சி. ராஜா அவர்கள் 1922இல் சட்டசபையில் தீர்மானம் கொணர்ந்து, சர்க்கார் ஏடுகளில் பறையர், பஞ்சமர் என்னும் பெயர்கள் நீங்கி ஆதிதிராவிடர் என்று வரச்செய்தார். அது பண்டிதர் வழி. சட்டசபையில் அமர்ந்து வாதாடிப் பெற்றது சீனிவாசனார் வழி.

டாக்டர் அம்பேத்கருக்குப் பண்டிதரின் கருத்து சென்ற பாலம் ஒன்றை இங்குக் குறிப்போம். சாக்கிய பௌத்த சங்கத்தில் பண்டிதரோடு உழைத்தவர் பேராசிரியர் பொ. லட்சுமி நரசு. அவர் 1907இல் பௌத்த சாரத்தை விளக்கி ஆங்கிலத்தில் எழுதிய நூல் 1948இல் மறுபடி அச்சானபோது அதற்கு முன்னுரை எழுதியவர் அம்பேத்கர். அதே 1948இல் அம்பேத்கர் தீண்டாமையின் தோற்றத்தை ஆராய்ந்து, தீண்டப்படாதார் எனப்பட்டோர் முன்னாளில் பௌத்தராயிருந்தவரே என்று ஒரு நூல் வெளியிட்டார். தமிழில் எழுதிய பண்டிதரை அவர் நேரே படித்தார் என்று யாம் கூறவில்லை. ஆயினும் பண்டிதர் நாற்பதாண்டு முன் சொன்னதும் இதுவே. 1956 அக்டோபர் 14இல் நாகபுரியில் இலட்சக்கணக்கானவருடன் அம்பேத்கர் பௌத்தம் தழுவினார். அவர் 1946இல் அமெரிக்கக் கறுப்பின அறிஞர் டு போய்சுக்குக் கடிதம் எழுதி விடையும் பெற்றார். 1972இல் பம்பாய் இளைஞர் தம் இயக்கத்துக்கு அமெரிக்கக் கருஞ்சிறுத்தைகளைப் பார்த்தே தலித் சிறுத்தைகள் எனப் பெயர் வைத்தனர். இரு கதைகளும் இவ்வாறு ஒன்றில் ஒன்று கலந்தன.

பண்டிதரை நாமோ நெடுங்காலம் மறந்திருந்தோம். ‘தமிழன்’ கட்டுரைகள் ஞான. அலாய்சியஸ் தொகுக்கப் பாளையங்கோட்டைத் தூய சவேரியார் கல்லூரியின் வழியே 1999இல் இரு தொகுதிகளாக வந்த பின்னரே பலர் படித்தனர். அஞ்சல்தலை வந்தது 2005இல்.

இனிக் கூறப்போவது சிலர்க்கு உவப்பாயிராது. பண்டிதர் தாழ்த்தப்பட்டோர் வேறு, தாழ்ந்தோர் வேறு என்று பிரித்தார். நம்மவர் உயர்ந்திருந்து பகையால் தாழ்த்தப்பட்டவர். குறவர், வில்லியர் முதலானோர் இயல்பிலேயே தாழ்ந்தவர். அவரோடு நம்மைச் சேர்த்து எண்ணலாகாது என்று பலகால் எழுதினார். சாதிபேதமற்ற திராவிடர் என்று பெயர் வைத்தவர் கையே இதனையும் எழுதிற்று. அமெரிக்கக் கறுப்பினத்தாரிடத்தும் இது நிகழ்ந்தது. அடிமைத்தளை நீங்கி லைபீரியாவில் குடியேறியோர் 1847இல் தனிநாடு கண்டனர். கண்டபின் அம்மண்ணின் பூர்வகுடிகளை நெடுங்காலம் குடியுரிமை இன்றி வைத்துத் தாம் ஆண்டனர். இழந்த பெருமையை நினைவூட்டி எழுப்பிய குரல், பக்கத்தில் இருப்பவனைக் கீழே பார்க்கவும் பழக்கிவிடக்கூடும்.

நம் தேவர்சோலையைச் சுற்றிலும் பணியரும் காட்டுநாயக்கரும் வாழ்கின்றனர். நாம் மலையேறும் முன்பே இம்மண்ணில் இருந்தவர் அவர். பணியர் பரம்பரை பரம்பரையாக நிலக்காரரிடம் கட்டுண்டு உழைத்தனர். கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்ததே 1976இல்தான். அவர் பிள்ளைகளை நம் வீட்டார் சிலர் என்ன பெயர் சொல்லி அழைக்கின்றனர் என்பதை இங்கே எடுத்துக் கூற யாம் விரும்பவில்லை, எல்லார்க்கும் தெரியும். நம் சங்கம் நடத்தும் மாலை வகுப்பில் அங்கத்தினர் வீட்டுப் பிள்ளைகளையே சேர்ப்பது என்பது விதி. அவ்விதி எழுதியவர் நல்லெண்ணத்தோடுதான் எழுதினர். இடமும் பணமும் குறைவாயிருந்த காலம். இப்போது பெஞ்சுகள் பாதி காலியாக உள்ளன. உதகைத் தீர்மானங்களில் பள்ளி கேட்ட தீர்மானத்தை எடுத்துக்காட்டி, பணியர், காட்டுநாயக்கர் பிள்ளைகளையும் அவ்வகுப்பில் சேர்க்குமாறு விண்ணப்பம் ஒன்று எழுதிக் காரியதரிசி அவர்களிடம் கொடுத்துள்ளோம். அதில் எம்மோடு கையெழுத்திட்டவர் பதினொருவர். வரும் மாதம் செயற்குழுவில் அது வாக்குக்கு வருகிறது. எதிர்ப்போர் இருப்பின் அன்று வந்து தம் காரணத்தைச் சொல்லுமாறு கேட்டுக்கொள்கிறோம். அங்கத்தினர் அனைவரும் தவறாது வரவேண்டும்.